நோட்பேடில் தொடங்கி கோட் இக்னைட்டர் வரை: நிலைத்து நிற்கும் இணைய தளம் அமைப்போமா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. முதல் ஒரு மாதம் பாட்டு, படம், ஈமெயில் என்று ஓடிவிடும். அதன் பின்னர் பலருக்கும் ஓர் ஆசை வரும்: நாமே ஒரு இணைய தளம் உருவாக்கினால் என்ன? உடனே, பக்கங்களை இழுத்துப் போட்டு அமைத்துத் தரும் ஏதாவது ஒரு இலவச தளத்தில் பதிந்துகொள்வார்கள். பத்து நிமிடத்தில் பக்கம் தயார். ஆனால் அந்த நிறுவனம் கடையைக் கட்டினால் உங்கள் பக்கமும் அதோடு போய்விடும். யாஹூ நடத்திவந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, உலகெங்கும் வீட்டில் இருந்தபடி மக்கள் அமைத்திருந்த பக்கங்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்தவை மட்டும் தப்பின.

இந்தக் கட்டுரையில் வேறு வழியில் செல்வோம். உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேடும் பிரவுசரும் முதல் பாதிக்குப் போதும். இரண்டாம் பாதிக்கு இரண்டு இலவசப் புரோகிராம்களை டவுன்லோட் செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, உங்கள் தெருவில் உள்ள வாடகை நூல் நிலையத்துக்கு ஒரு தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். என்னென்ன நூல்கள் உள்ளன, எது வெளியே போயிருக்கிறது, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை அது சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

ஸ்டாண்டர்ட் என்பது என்ன?

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியை நம் வீட்டு பிளக் பாயிண்ட்டில் செருகிப் பார்த்திருக்கிறீர்களா? பெட்டியில் குறை இல்லை, கரண்டும் இருக்கிறது, ஆனால் முள் நுழையாது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே அளவை ஒப்புக்கொள்ளவில்லை, அதுதான் காரணம். இணையப் பக்கமும் பிரவுசரும் இப்படித்தான். பக்கத்தை எழுதுபவர் ஒருவர், பிரவுசரைத் தயாரிப்பவர் இன்னொருவர். இருவரும் ஒரே விதிகளைப் பின்பற்றினால்தான் பக்கம் சரியாகத் தெரியும். அந்தப் பொது விதிகளைத்தான் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் என்கிறோம்.

டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் வைய விரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1994-ல் டபிள்யூ3சி என்ற அமைப்பை, விதிகளை வகுப்பதற்காகவே தொடங்கினார். விதிகள் வந்தனவே தவிர, நிறுவனங்கள் அவற்றை மதிக்கவில்லை. நெட்ஸ்கேப் ஒரு கட்டளையைச் சேர்க்கும், மைக்ரோசாப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் வேறொன்றைச் சேர்க்கும். "இந்தத் தளத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், 800க்கு 600 அளவில் பார்க்கவும்" என்று பக்கத்தின் அடியில் எழுதிவைத்த காலம் அது.

ஒரே ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். ஒரு பெட்டியின் அகலம் 300 பிக்சல் என்று எழுதினால், உள் இடைவெளியும் ஓரக்கோடும் அந்த 300-க்குள் அடங்குமா, வெளியே கூடுமா? வெளியே கூடும் என்றது விதி. உள்ளே அடங்கும் என்று கணக்குப் போட்டது விண்டோஸுக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5. அதனால் ஒரே பக்கம் இரண்டு பிரவுசர்களில் இரண்டு அகலத்தில் தெரிந்தது. இதில் உண்மையைச் சொன்னால், மைக்ரோசாப்ட்டின் கணக்குதான் மனிதருக்கு எளிதானது. பின்னாளில் விதியிலேயே, இரண்டில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க 'பாக்ஸ் சைசிங்' என்ற வசதி வந்தது. இன்று பெரும்பாலானோர் உள்ளே அடங்கும் முறையைத்தான் எடுக்கிறார்கள். அப்படியானால் அன்று சிக்கல் எங்கே இருந்தது? எது சிறந்தது என்பதில் இல்லை, ஆளுக்கொரு கணக்குப் போட்டதில்தான்.

இந்தக் குழப்பத்துக்கு எதிராக 1998-ல் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் பிராஜெக்ட் என்ற குழு தொடங்கியது. பிரவுசர் நிறுவனங்களை விதிகளைப் பின்பற்றும்படி வற்புறுத்துவதே அதன் வேலை. வேலை முடிந்தது என்று 2013-ல் அது தன்னைக் கலைத்துக்கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே மைக்ரோசாப்ட் 2022 ஜூனில் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. ஆகவே, இப்போது தொடங்கும் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். விதிப்படி எழுதினால் எல்லாப் பிரவுசரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும்.

தமிழ்ப் பக்கங்கள் பட்ட பாடு

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டுகளைப் பார்த்தால் போதும். அப்போது ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும் டைனமிக் பான்ட் என்ற முறை வந்தது. அதிலும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகை, மைக்ரோசாப்ட்டுக்கு வேறொரு வகை!

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற குறிமுறைகளைத் தமிழக அரசு தரப்படுத்தியது. இணையத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற குறிமுறையைப் பயன்படுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் முன்பே, 1991-ல் வந்த யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் அதைத் திரையில் சரியாகக் காட்டும் வசதி வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வர விண்டோஸ் 2000, எக்ஸ்பி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோட்டை ஏற்றுக்கொண்டது. அதனுடன் அனைத்து எழுத்துகளுக்கும் தனி இடம் தரும் டேஸ்16 என்ற முறையையும் அறிவித்தது.

இதில் இழந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பழைய பக்கங்களில் கதை இருந்தது, சமையல் குறிப்பு இருந்தது, ஊர்ச் செய்தி இருந்தது. பைல் இன்னும் எங்கேனும் இருக்கலாம். ஆனால் அதற்குரிய எழுத்துரு எது என்று தெரியாவிட்டால் படிக்க முடியாது. கூகுளில் தமிழில் தேடினாலும் கிடைக்காது, ஏனெனில் தேடுபொறியின் பார்வையில் அதில் தமிழே இல்லை. மாறாக, செர்ன் மையத்தின் முதல் இணைய தளத்தினுடைய 1992-ம் ஆண்டுப் பிரதி இன்றும் உங்கள் மொபைல் போனில் திறக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை. ஒன்று பொது விதியில் எழுதப்பட்டது, மற்றொன்று அப்படி எழுதப்படவில்லை.

முதல் பக்கம்

நோட்பேடைத் திறந்திடுங்கள். முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பை எழுத வேண்டும். கோண அடைப்புக்குறிக்குள் ஓர் ஆச்சரியக்குறி, அதை ஒட்டி டாக்டைப், ஓர் இடைவெளி விட்டு ஹெச்.டி.எம்.எல். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் பிரவுசர் உங்கள் பக்கத்தை 1990-களின் பக்கம் என்று எடுத்துக்கொண்டு பழைய கணக்கில் காட்டத் தொடங்கிவிடும். இதற்கு 'குவர்க்ஸ் மோட்' என்று பெயர். பழைய தளங்கள் உடைந்துபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நமக்கு அது வேண்டாம்.

அடுத்து ஹெச்.டி.எம்.எல். டேக். அதில் 'லாங்' என்ற பண்பைச் சேர்த்து, டி, ஏ என்ற இரண்டு எழுத்துகளைத் தந்திடுங்கள். இந்தப் பக்கம் தமிழில் இருக்கிறது என்று பொருள். ஹெட் பகுதியில் மூன்று வரிகள் கட்டாயம். ஒன்று, எழுத்துக் குறிமுறை யூ.டி.எஃப்.-8 என்னும் மெட்டா டேக். இரண்டாவது, மொபைல் திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தைக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக். மூன்றாவது, டைட்டில்.

பைலை சேவ் செய்யும்போதும் என்கோடிங் என்ற இடத்தில் யூ.டி.எஃப்.-8 என்று இருக்கிறதா எனக் கவனியுங்கள். 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் இதைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய நோட்பேடில் ஆன்சி என்று இருக்கும். மாற்றாமல் சேவ் செய்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படி ஆனால் திரும்பப் பெற வழியில்லை.

இனி பாடி பகுதி. இங்கேதான் ஸ்டாண்டர்ட்ஸின் சாரம் இருக்கிறது. ஒவ்வொன்றும் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதாதீர்கள், அது என்ன என்று எழுதுங்கள். நூல் நிலையத்தின் பெயர் பக்கத்தின் தலைப்பு. அதைப் பெரிய, தடித்த, சிவப்பு எழுத்தாக அமைக்கத் தோன்றும். பழைய பக்கங்களில் பான்ட் டேக் போட்டு அப்படித்தான் செய்தார்கள். நீங்கள் ஹெச்1 டேக் போடுங்கள், இது முதல் நிலைத் தலைப்பு என்று பொருள். துணைத் தலைப்புகளுக்கு ஹெச்2. பத்திகளுக்கு பி. பக்கத்தின் மேல்பகுதி ஹெட்டர், அடிப்பகுதி ஃபுட்டர், பிற பக்கங்களுக்கான இணைப்புகள் நாவ், முக்கியமான விஷயம் மெயின். வெறுமனே டிவ் டேக்கை அடுக்கடுக்காகப் போட்டாலும் திரையில் இதே தோற்றத்தைக் கொண்டுவரலாம்தான். ஆனால் டிவ் என்பது பெயரில்லாத அட்டைப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் இருந்து தெரியாது.

யாருக்குத் தெரிய வேண்டும் என்கிறீர்களா? பார்வைத்திறன் இல்லாத ஒருவர் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு உங்கள் தளத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் சேர்ந்து வளர்த்த மென்பொருள் இது, 2006-ல் தொடங்கியது. அவர் கீபோர்டில் ஹெச் எழுத்தை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், டி எழுத்தை அழுத்தினால் அடுத்த அட்டவணைக்குத் தாவும். நீங்கள் ஹெச்1 போடாமல் எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் வைத்திருந்தால், அவருக்கு உங்கள் பக்கத்தில் தலைப்பே கிடையாது. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் தீர்க்க வேண்டும். மொழி தமிழ் என்று நீங்கள் குறித்திருந்தால் மட்டுமே அது தமிழ்க் குரலுக்குத் தானாக மாறும்.

நூல் பட்டியலுக்கு டேபிள் டேக்கைப் பயன்படுத்துங்கள். "டேபிள் டேக்கே கூடாது" என்று சிலர் சொல்வார்கள். அது அரைகுறையாகக் கேட்டுக்கொண்ட பாடம். பக்கத்தை இடது, வலது எனப் பிரிப்பதற்கு டேபிள் போடக்கூடாது என்பதுதான் சரி. நூலின் பெயர், ஆசிரியர், இருப்பு என மூன்று நெடுவரிசைகள் கொண்ட தகவல் உண்மையிலேயே அட்டவணைதான். நெடுவரிசைகளின் தலைப்புகளுக்கு டி.ஹெச். டேக்கும், அட்டவணையின் பெயருக்கு கேப்ஷன் டேக்கும் தந்திடுங்கள். கடையின் படம் ஒன்றைச் சேர்த்தால், ஆல்ட் பண்பில் அந்தப் படம் என்ன என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். படம் இறங்காத மெதுவான இணைப்பில் அந்த வரிதான் தெரியும்.

இப்போது பைலை பிரவுசரில் திறந்து பாருங்கள். அழகாக இருக்காது. ஆனால் எல்லாம் இருக்கும், படிக்க முடியும், வரிசை சரியாக இருக்கும். இந்த நிலையிலேயே பக்கம் முழுமையானதுதான். இனி வருவது சட்டை.

தோற்றம் தனி பைலில்

தோற்றத்துக்கான விதிகள் சி.எஸ்.எஸ். பைலில் இருக்க வேண்டும். ஹோகன் வியம் லீ 1994-ல் முன்வைத்த இந்த யோசனை, 1996 டிசம்பரில் டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக வந்தது. எழுத்தின் நிறம், அளவு, இடைவெளி எல்லாம் இந்த ஒரு பைலில். உங்கள் தளத்தில் இருபது பக்கங்கள் இருந்தாலும், தலைப்பின் நிறத்தை மாற்ற ஒரே வரியைத் திருத்தினால் போதும்.

இதன் வலிமையை நம்பாதவர்களுக்காக 2003-ல் டேவ் ஷே என்ற வடிவமைப்பாளர் சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் என்ற தளத்தைத் தொடங்கினார். ஹெச்.டி.எம்.எல். பைல் ஒன்றுதான், அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது. சி.எஸ்.எஸ். பைலை மட்டும் மாற்றி உலகெங்கும் இருந்து வடிவமைப்பாளர்கள் அனுப்பிய தோற்றங்களைப் பார்த்தால், ஒரே பக்கமா இது என்று வியப்பீர்கள். தேடிப் பாருங்கள், ஒரு மாலைப் பொழுது போவதே தெரியாது.

நம் நூல் நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரி சி.எஸ்.எஸ். போதும். தமிழுக்கென இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாடநூல்களில் தரும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே சுழியும், கீழே உகர ஊகார வால்களும் உள்ள எழுத்து நம்முடையது. 'லைன் ஹைட்' மதிப்பை 1.6 அல்லது 1.7 என்று வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். இரண்டாவது, சாய்வெழுத்தைத் தவிருங்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. பிரவுசர் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும், பார்க்கச் சகிக்காது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது டபிள்யூ3சி-யின் அணுகல் வழிகாட்டி சொல்லும் அளவு. வெளிர் சாம்பல் எழுத்து வெயிலில் மொபைலில் பார்ப்பவருக்குத் தெரியாது.

எழுதியது சரியா எனப் பார்க்க, டபிள்யூ3சி வேலிடேட்டர் என்று தேடிச் சென்று உங்கள் பைலை அப்லோட் செய்திடுங்கள். இலவசம். மூடாத டேக், விட்டுப்போன ஆல்ட் எல்லாவற்றையும் வரி எண்ணோடு காட்டும். முதல் முறை இருபது பிழைகள் வந்தால் பயப்பட வேண்டாம். முதல் பிழையைத் திருத்தியதும் அதன் விளைவாக வந்த ஐந்தாறு பிழைகள் தாமாகவே மறைந்துவிடும்.

ஜாவா ஸ்கிரிப்ட் பற்றிக் கேட்பீர்கள். இந்தத் தளத்துக்கு அது வேண்டாம்.

பட்டியல் நீளும்போது

இருபது நூல்கள் இருக்கும்வரை மேலே சொன்னது போதும். தளம் முழுவதுமே ஐந்து பக்கம்தான், மாதம் ஒருமுறைதான் மாற்றம் என்றால், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிரேம்வொர்க் எதுவும் தேவையில்லை. இதைச் சொல்லாமல் பாடம் நடத்துபவர்கள் உங்கள் நேரத்தை வீணடிக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஆனால் நூல்கள் இரண்டாயிரம் ஆகிவிட்டன, ஒவ்வொரு நாளும் முப்பது நூல்கள் வெளியே போய் உள்ளே வருகின்றன என்றால், நோட்பேடில் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. தகவல்களை டேட்டாபேஸில் வைத்து, யாராவது பக்கத்தைக் கேட்கும்போது சர்வரில் உள்ள புரோகிராம் அட்டவணையைத் தயாரித்து அனுப்ப வேண்டும். பி.ஹெச்.பி. மொழியில் நேரடியாகவே இதை எழுதலாம். எழுதினால் என்ன ஆகும் என்றால், டேட்டாபேஸ் கட்டளை, கணக்கு, ஹெச்.டி.எம்.எல். டேக் மூன்றும் ஒரே பைலில் கலந்து கிடக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எழுதியவருக்கே புரியாது. உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் முதல் பாதியில் பிரித்தோம் அல்லவா? அதே வேலையைச் சர்வரிலும் செய்யத்தான் பிரேம்வொர்க்.

இந்தப் பிரிவினைக்கு எம்.வி.சி. என்று பெயர். நார்வே நாட்டவரான டிரிக்வே ரீன்ஸ்காக், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1979-ல் உருவாக்கிய யோசனை. நூல் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் எந்த நூல் எங்கே இருக்கிறது என்று அறிந்து எடுத்துத் தருபவர் மாடல். கவுன்டரில் நின்று, வந்தவர் என்ன கேட்கிறார் என்று கேட்டு அனுப்புபவர் கன்ட்ரோலர். வாசகர் முன் தெரியும் பலகை வியூ. பலகைக்குப் பெயின்ட் அடிக்க வருபவர் அலமாரியைத் தொடவேண்டியதில்லை.

பிரேம்வொர்க்குகள் ஏராளம். பைதான் மொழியில் பிளாஸ்க் இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் தேதி ஆர்மின் ரோனக்கர் விளையாட்டாக வெளியிட்ட ஒன்றிலிருந்து வளர்ந்தது! நாம் எடுத்துக்கொள்ளப்போவது கோட் இக்னைட்டர். எல்லிஸ்லேப் நிறுவனம் 2006 பிப்ரவரியில் வெளியிட்டது. 2014-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்பக் கல்லூரி பொறுப்பேற்றது. ஜிம் பாரியின் தலைமையில் புதிதாக எழுதப்பட்ட நான்காம் பதிப்பு 2020 பிப்ரவரியில் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, ஒரு மாதம் முன்புதான் காலமானார். இதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் எளிது. இது இலகுவானது, மலிவான சர்வர்களிலும் ஓடும், உடன்வரும் கையேடு தெளிவானது. இன்னொரு முக்கியமான காரணம், இது உங்கள் ஹெச்.டி.எம்.எல்.-ல் தலையிடுவதில்லை. நீங்கள் எழுதிய டேக் அப்படியே போகும்.

நிறுவுவது எப்படி?

முதலில் அப்பாச்சி பிரண்ட்ஸ் தளத்திலிருந்து ஸாம்ப் புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். பி.ஹெச்.பி.யும் மை எஸ்.க்யூ.எல்.-இன் உடன்பிறப்பான மரியா டி.பி.யும் இதிலேயே வந்துவிடும். பின்னர் கோட் இக்னைட்டர் தளத்திலிருந்து நான்காம் பதிப்பின் ஸிப் பைலை இறக்கி, இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயருள்ள ஒரு போல்டரில் விரித்துக்கொள்ளுங்கள். ஸாம்பில் உள்ள பி.ஹெச்.பி. பதிப்பு, கோட் இக்னைட்டர் கேட்கும் பதிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கையேட்டில் அந்த எண் இருக்கும்.

இங்கே புதியவர்கள் பலரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கோட் இக்னைட்டருக்கு 'இன்டில்' என்ற எக்ஸ்டென்ஷன் தேவை. ஸாம்பில் அது பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சிக்கு எதிரே கான்ஃபிக் பட்டனை அழுத்தி, கிடைக்கும் பட்டியலில் பி.ஹெச்.பி. ஐ.என்.ஐ. பைலைத் திறந்திடுங்கள். எக்ஸ்டென்ஷன் என்று தொடங்கி ஐ, என், டி, எல் என்ற நான்கு எழுத்துகளில் முடியும் வரியைத் தேடி, அதன் முன்னால் உள்ள அரைப்புள்ளியை நீக்கி சேவ் செய்திடுங்கள்.

இனி அதே பேனலில் ஷெல் பட்டனை அழுத்தினால் கருப்புத் திரை வரும். உங்கள் போல்டருக்குச் சென்று பி.ஹெச்.பி., ஸ்பார்க், சர்வ் என்ற மூன்று சொற்களையும் இடைவெளி விட்டு அடித்து என்டர் தட்டுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8080 என்று தந்தால் வரவேற்புப் பக்கம் கிடைக்கும். போல்டரில் உள்ள 'என்வ்' என்னும் பைலின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி சேர்த்து, அதில் என்விரான்மென்ட் வரியின் முன்னுள்ள குறியை எடுத்துவிட்டு, மதிப்பை டெவலப்மென்ட் என்று மாற்றிடுங்கள். இனி பிழைகள் விளக்கமாகத் தெரியும்.

ஸாம்பில் மை எஸ்.க்யூ.எல்.-ஐ ஸ்டார்ட் செய்துவிட்டு (பி.ஹெச்.பி. மை அட்மின் திறக்க அப்பாச்சியும் ஓட வேண்டும்), பி.ஹெச்.பி. மை அட்மினில் ஒரு டேட்டாபேஸ் உருவாக்குங்கள். கொலேஷன் என்ற இடத்தில் யூ.டி.எஃப்.8 எம்.பி.4 என்று தொடங்குபவற்றில் யூனிகோட் வகையைத் தேர்ந்தெடுங்கள். லத்தீன்1 என்று விட்டுவிட்டால் தமிழ் நூல் பெயர்கள் கேள்விக்குறிகளாகும். பழைய எழுத்துருக் கதைதான், இடம் மட்டும் வேறு. டேபிளில் எண், பெயர், ஆசிரியர், இருப்பு என நான்கு பீல்டுகள் போதும். டேட்டாபேஸின் பெயரையும் பாஸ்வேர்டையும் மேலே சொன்ன அதே என்வ் பைலில் குறிப்பிடுங்கள்.

மூன்று பைல்கள்

ஆப் போல்டருக்குள் கன்ட்ரோலர்ஸ், மாடல்ஸ், வியூஸ் என்ற மூன்று போல்டர்கள் இருக்கும். மாடல் பைலில் டேபிளின் பெயரையும், திருத்த அனுமதிக்கும் பீல்டுகளையும் எழுதினால் போதும். நூல்களை எடுத்துவரும் 'ஃபைண்ட் ஆல்' போன்ற கட்டளைகள் தயாராகவே உள்ளன. கன்ட்ரோலரில் மூன்று வரி: மாடலைக் கூப்பிடு, நூல்களை வாங்கு, வியூவிடம் கொடு. வியூ என்பது என்ன தெரியுமா? நீங்கள் நோட்பேடில் எழுதிய அதே பக்கம்! அட்டவணையில் நூல் வரிகள் இருந்த இடத்தில் மட்டும், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரி எனத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லும் 'ஃபார் ஈச்' கட்டளையைப் புகுத்த வேண்டும். முதல் பாதியில் ஒழுங்காக எழுதியவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

எந்த முகவரிக்கு எந்தக் கன்ட்ரோலர் என்பதை கான்ஃபிக் போல்டரின் ரூட்ஸ் பைலில் எழுதுங்கள். 'புக்ஸ்' என்று கேட்டால் முழுப் பட்டியல், 'புக்ஸ்' சாய்கோடு 45 என்றால் 45-ம் எண் நூல். கேள்விக்குறியும் சமக்குறியும் நிறைந்த நீளமான முகவரிகளை விட இது நல்லது. போனில் சொல்லவும் முடியும், பின்னாளில் பிரேம்வொர்க்கையே மாற்றினாலும் முகவரியை மாற்றாமல் வைத்திருக்கவும் முடியும்.

"இந்த நூல் வேண்டும்" என்று வாசகர்கள் எழுத ஒரு படிவம் வைத்தால் கூடுதல் கவனம் தேவை. ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபிள் டேக் போடுங்கள். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு, அடிக்கத் தொடங்கியதும் மறைந்துவிடும். அது லேபிளுக்கு மாற்று ஆகாது. யாரோ ஒருவர் நூல் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஸ்கிரிப்ட் டேக்கோடு ஜாவா ஸ்கிரிப்ட் கட்டளை ஒன்றை எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? நீங்கள் அதை அப்படியே பக்கத்தில் காட்டினால், அடுத்து வரும் ஒவ்வொரு வாசகரின் பிரவுசரிலும் அந்தக் கட்டளை ஓடும். இதைத் தடுக்க, வியூவில் எந்தத் தகவலைக் காட்டினாலும் இ, எஸ், சி என்ற மூன்றெழுத்து பங்ஷனுக்குள் போட்டுக் காட்டுங்கள். அது கோண அடைப்புக்குறிகளை வெறும் எழுத்தாக மாற்றிவிடும். நீங்களே அடித்த நூல் பெயருக்கும் இதைச் செய்வது நல்லது. பிற தளங்களிலிருந்து உங்கள் படிவத்தைப் போலியாக அனுப்புவதைத் தடுக்கும் சி.எஸ்.ஆர்.எஃப். பாதுகாப்பு, ஃபில்டர்ஸ் பைலில் தொடக்கத்தில் செயல்படாமல் இருக்கும். அதையும் இயக்கிவிடுங்கள்.

சர்வருக்கு ஏற்றும்போது

வாடகை சர்வர்களில் பெரும்பாலும் பப்ளிக் ஹெச்.டி.எம்.எல். என்று ஒரு போல்டர் இருக்கும். உலகம் பார்ப்பது அதை மட்டும்தான். கோட் இக்னைட்டரின் பப்ளிக் போல்டரில் உள்ளவற்றை மட்டும் அங்கே வையுங்கள். ஆப் உள்ளிட்ட மற்ற போல்டர்களும் என்வ் பைலும் அதற்கு வெளியே, ஒரு படி மேலே இருக்கட்டும். என்வ் பைலில் உங்கள் பாஸ்வேர்ட் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். இடம் மாறியதால், இண்டெக்ஸ் பைலில் பாத்ஸ் பைல் எங்கே உள்ளது என்று காட்டும் வரியையும் திருத்த வேண்டும். டெவலப்மென்ட் என்று இருந்ததை புரொடக்ஷன் என மாற்றிடுங்கள். மாற்றாவிட்டால், ஏதாவது பிழை வரும்போது உங்கள் புரோகிராமின் வரிகளையே வாசகர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

மாதம் ஒருமுறை பி.ஹெச்.பி. மை அட்மினில் எக்ஸ்போர்ட் என்பதைக் கிளிக் செய்து, டேட்டாபேஸை எஸ்.க்யூ.எல். பைலாக இறக்கிக்கொள்ளுங்கள். அது வெறும் டெக்ஸ்ட் பைல்தான், நோட்பேடில் திறந்தால் நூல் பெயர்கள் தமிழிலேயே தெரியும். தள போல்டரோடு சேர்த்து ஒரு பிரதி பென் டிரைவிலும், இன்னொரு பிரதி நூல் நிலையக்காரரின் கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும்.